பதினேழாம் எண் உறைக்குக் காவல் இருப்பவர்

இன்று யாரைச் சந்தித்தேன் தெரியுமா? பிலியானா தோஷேவாவை! பெயரைச் சொன்னால் நம் த்ரோயானிலேயே பலருக்குத் தெரியாது. ஆனால் பாலத்தடிப் பால்பண்ணையின் தயிரைத் தின்னாமல் இந்த ஊரில் வளர்ந்தவர் யார்? அந்தத் தயிருக்கு உறை தயாரித்துக் கொடுப்பவர் இவர்தான். ஒரு கிண்ணம் தயிர் வாங்கத்தான் போனேன். மூன்று மணி நேரம் கழித்து வெளியே வந்தேன். கேட்டதை மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும் என்று பேருந்து நிறுத்தத்திலேயே உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிலியானாவுக்கு நாற்பத்து மூன்று வயது. பத்தொன்பது வருடங்களாக உறை அறை அவர் பொறுப்பு. அவரைத் தவிர யாரும் அதற்குள் நுழையக் கூடாது. மோதிரம், கைக்கடிகாரம், காதுத்தோடு எல்லாவற்றையும் கதவுக்கு வெளியே ஒரு தட்டில் கழற்றி வைத்துவிட்டு, வெள்ளை அங்கியும் கையுறையும் மாட்டிக்கொண்டுதான் அவரே உள்ளே போவார்.

உள்ளே, கடுங்குளிரில் எல்லாவற்றையும் உறைய வைத்திருக்கும் உறைபெட்டியில் சின்னச் சின்னக் குழாய்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பாக்டீரியா. நம் தயிருக்கு இரண்டு வகை வேண்டும்: குச்சி குச்சியாக இருப்பது ஒன்று, மணி கோத்ததுபோல் இருப்பது இன்னொன்று. அந்த மணி வகையில்தான் பதினேழாம் எண் வருகிறது. பண்ணை தொடங்கிய காலத்தில், மலையில் மேய்ந்த ஆடுகளின் பாலில் தோய்ந்த தயிர் ஒன்றிலிருந்து பிரித்தெடுத்தது. அது தோய்த்த தயிரில் புளிப்பு மெதுவாகத்தான் ஏறும். கரண்டியைக் குத்தினால் சாயாமல் நிற்கும். வேறு உறை போட்டாலும் தயிர் வரும். இந்தத் தயிர் வராது.

இந்த வருடம் பிப்ரவரிக் கடைசியில் தொல்லை ஆரம்பித்தது. முதலில் சீஸ் கூடத்தில். அங்கேயும் பதினேழுதான் உறை. இரண்டு மணி நேரத்தில் திரள வேண்டிய பால் நான்கு மணி நேரம் எடுத்துக்கொண்டது. பிலியானாவுக்கு உடனே சந்தேகம். மார்ச் முதல் தேதியிலிருந்து தினமும் காலையில் சீஸ் கூடத்துக்குப் போய், பிழிந்த சீஸிலிருந்து வடிகிற தண்ணீரில் கையை விட்டு மாதிரி எடுத்து வந்து சோதிக்கத் தொடங்கினார்.

ஆறாம் தேதி தயிர்த் தொட்டியும் படுத்தது.

தொட்டிகளைப் பார்த்துக்கொள்கிற வெல்கோ, அறுபது வயதுக்காரர், கரண்டியைக் குத்திப் பார்த்தார். கரண்டி மெல்லச் சாய்ந்து, உள்ளேயே முழுகிவிட்டது.

"பிலியானா, வந்து பாரும்மா. காலையில நாலாயிரம் லிட்டர் பால் ஊத்தினேன். இப்பவும் நாலாயிரம் லிட்டர் பால்தான் இருக்கு. என் கரண்டி வேற போச்சு."

"வெப்பம் சரியா வெச்சீங்களாண்ணே?"

"முப்பத்தெட்டு வருஷமா வெக்கிறேன். என்னைக் கேக்காத, உன் பூச்சிங்களைக் கேளு."

கேட்டார். கண்ணாடித் தட்டில் பதினேழாம் எண்ணைப் பரப்பி, மேலே தோயாத பாலில் ஒரு சொட்டு விட்டு வைத்தார். மறுநாள் காலையில் தட்டு முழுக்க ஓட்டை ஓட்டையாக இருந்தது, அந்துப்பூச்சி அரித்த கம்பளி மாதிரி. வைரஸ். மனிதரை ஒன்றும் செய்யாது. பாக்டீரியாவைத் தின்றே பிழைக்கிற வைரஸ். ஒன்று உள்ளே நுழைந்தால் அரை மணி நேரத்தில் நூறாகி, பாக்டீரியாவைப் பிளந்துகொண்டு வெளியே வரும். பிறகு பால் எங்கே தோய்வது?

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், இந்த வைரஸுக்கு மருந்து பிலியானாவின் கையிலேயே இருக்கிறது. ஏழு வருடமாக இருக்கிறது.

பண்ணையின் பின்கட்டில் பூட்டிய அறை ஒன்று உண்டு. பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து நடத்திய ஆராய்ச்சிக்காகக் கட்டியது. அங்கே சிவப்பு மூடி போட்ட குழாய்கள். அவற்றில் இருப்பதும் பதினேழாம் எண்தான், ஆனால் பிலியானா மரபணுவில் கைவைத்த பதினேழு. அவர் அதை எனக்கு விளக்கிய விதம் இது: வைரஸ் தாக்கித் தப்பித்த பாக்டீரியா, அந்த வைரஸின் ஒரு துண்டை வெட்டித் தன் மரபணுவுக்குள் ஒட்டிக்கொள்ளும். காவல் நிலையத்துச் சுவரில் திருடன் படத்தை ஒட்டுவதுபோல. அடுத்த முறை அவன் வந்தால் முகத்தைப் பார்த்ததும் வெட்டிவிடலாம். இது பாக்டீரியாவுக்கு இயற்கையாகவே உள்ள புத்தி. பிலியானா செய்ததெல்லாம், இந்தப் பக்கத்துப் பண்ணைகளில் வரும் மூன்று வைரஸ்களின் படங்களைத் தன் கையாலேயே சுவரில் ஒட்டி வைத்ததுதான். வேறு ஓர் எழுத்துகூட மாற்றவில்லை.

ஆறாம் தேதி வைரஸையும் அந்தச் சிவப்பு மூடிமேல் விட்டுப் பார்த்தார். தட்டில் ஓர் ஓட்டை இல்லை. அறைக்குள்ளேயே அரை லிட்டர் பாலில் தோய்த்தார். கரண்டி நின்றது. அதை ருசி பார்க்கக்கூட அவருக்கு அனுமதி இல்லை. கரண்டி நிற்பதைப் பார்த்துவிட்டு, அப்படியே கொதிக்க வைத்துக் கொட்டினார்.

சட்டப்படி மரபணு மாற்றிய எதுவும் அந்த அறையை விட்டு வெளியே போகக் கூடாது. போகவேண்டுமானால் ஒரு விண்ணப்பம் உண்டு. ஆனால் அதை மக்காச்சோளத்தை மனதில் வைத்து யாரோ எழுதியிருக்கிறார்கள். விதைக்கும் பருவம் எது? பக்கத்து வயல் எத்தனை மீட்டர்? தேனீ வந்து உட்காருமா? முதல் முறை பிலியானா அந்தக் கட்டங்களைக் காலியாக விட்டார். முழுமையற்ற விண்ணப்பம் என்று திரும்பி வந்தது. இரண்டாம் முறை 'பொருந்தாது' என்று எழுதினார். பொருந்தாது என்பது விடை ஆகாது என்று திரும்பி வந்தது. மூன்றாம் முறை நாலு பக்கக் கடிதம் இணைத்தார். கடிதத்துக்கு ஒதுக்கிய இடம் படிவத்தில் இல்லையாம்.

"பாக்டீரியா மேல தேனீ உக்காருமான்னு கேக்கறாங்க. நான் என்னத்த எழுத? உக்காந்தா தேனீக்குத் தயிர் கிடைக்கும்னு எழுதவா?" இதைச் சொல்லும்போது பிலியானா சிரிக்கத்தான் செய்தார். ஆனால் மேசையில் இருந்த பேனாவை அவர் எடுத்துவைத்த சத்தம் வெளியே கடை வரைக்கும் கேட்டிருக்கும்.

தொட்டிகள் படுத்து இரண்டு வாரம் ஆயிற்று. ஒரு நாள் தோயும், இரண்டு நாள் தோயாது. போன திங்கட்கிழமை பண்ணை முதலாளி அசென் உறை அறையின் கதவைத் தட்டினார். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

"பிலியானா, பதினோரு பாலர் பள்ளிக்குத் தயிர் போகணும். போன வாரம் என்ன போச்சு தெரியுமா? மன்னிப்புக் கடிதம் போச்சு. அதைக் குழந்தைங்க கரண்டியால சாப்பிட முடியாது."

"எனக்கு இன்னும் ரெண்டு வாரம் குடு அசென். வைரஸ்கிட்ட இருந்து தானாத் தப்பிச்ச பாக்டீரியா அஞ்சு பொறுக்கி வெச்சிருக்கேன். அதுல யாரும் கைவைக்கல. சட்டம் ஒண்ணும் சொல்லாது."

"அப்போ போட வேண்டியதுதானே?"

"நாலு சோம்பேறி. பால் தோயப் பத்து மணி நேரம் ஆகுது. அஞ்சாவது தோயுது, ஆனா கசக்குது. தப்பிக்கிற அவசரத்துல வேற எதையோ தொலைச்சிடுது. இன்னும் பொறுக்கணும்."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுக்கு. அன்னிக்குக் கரண்டி நிக்கலைன்னா, திங்கள்ல இருந்து பாக்கெட் உறை. கிழிச்சுக் கொட்டினா வேலை முடிஞ்சுது. இந்த அறையில காலி டப்பா அடுக்கிக்கலாம்."

அசென் போன பிறகு பிலியானா நெடுநேரம் உறைபெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். பாக்கெட் வந்துவிட்டால் பதினேழுக்கு வேலை இல்லை. வேலை இல்லாத பாக்டீரியாவுக்கு மின்சாரம் செலவழிக்க எந்த முதலாளி சம்மதிப்பார்? என்றைக்காவது ஒரு நாள் உறைபெட்டியை அணைத்துவிடுவார்கள். உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒன்று அன்றோடு முடிந்தது.

செவ்வாய்க்கிழமை மதியம் வெல்கோ, சீஸ் வைத்துச் சுட்ட பனித்ஸா பலகாரம் ஒரு துண்டைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்தார். கொடுத்துவிட்டுப் போகாமல் கதவருகிலேயே நின்றார்.

"உன் சிவப்பு மூடியில ஒண்ணை எடுத்து ஊத்திடேன். யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்ணே."

"அது நஞ்சா?"

"இல்ல."

"நீ சாப்பிடுவியா?"

"என் வீட்டுல எல்லாருக்கும் குடுப்பேன்."

"அப்புறம் என்ன? ஊத்து."

"குழந்தைங்க சாப்பிடற தயிர்ணே. அவங்க அப்பா அம்மாகிட்ட சொல்லாம ஊத்தினா, நாளைக்கு நான் நல்லதுன்னு சொன்னாக்கூட ஒருத்தனும் நம்ப மாட்டான். ஏழு வருஷம் உழைச்சதைத் திருட்டுத்தனமா கடத்தறதுக்கா உழைச்சேன்?"

"நல்லா ஒழுங்கா இருந்து வேலைய விட்டுப் போ" என்று முணுமுணுத்துக்கொண்டே வெல்கோ நடந்தார்.

பிலியானாவுக்கு அன்று ஆத்திரம் எங்கே போய் முட்டுவது என்று தெரியவில்லை. கடைசியில் அது வெல்கோ தலையிலேயே விடிந்தது. தயிர்க் கூடத்துக்குப் போய், சீஸ் கூடத்துக் காலணியோடு இங்கே நடக்கிறீர்கள், கதவைத் திறந்து போடுகிறீர்கள், வைரஸ் உங்கள் வழியாகத்தான் வருகிறது என்று எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டார். வெல்கோ காலணியைக் கழற்றி வைத்துவிட்டு, வெறும் காலுறையோடு ஈரத் தரையில் நடந்து போனார். அதுதான் பிலியானாவை இன்னும் அதிகம் கடுப்பேற்றியது.

தரையைக் கழுவியாயிற்று. குழாய்களில் நீராவி விட்டாயிற்று. காற்று வடிகட்டியை மாற்றியாயிற்று. மிச்சம் ஒன்றும் இல்லை. புதன்கிழமை காலை வழக்கம்போல் சீஸ் கூடத்தில் மாதிரி எடுத்துவிட்டு, உறை அறைக்கு வந்து, மோதிரமும் கடிகாரமும் தட்டில் வைத்து, கையுறை மாட்டி, தொட்டிகளுக்கெல்லாம் உறை எடுக்கும் தாய் உறை இருக்கும் கண்ணாடிக் குடுவையைத் திறந்தார். வாயை அடைத்திருந்த வெள்ளைப் பஞ்சில் இளஞ்சிவப்பாக ஒரு பொட்டு.

முதலில் அவருக்கு எரிச்சல்தான் வந்தது. இந்த மாதம் முழுக்க அங்கியின் மணிக்கட்டு விளிம்பும் இதே நிறத்தில் சாயம் ஏறிக் கிடந்தது. வீட்டில் மகளின் சிவப்புக் காலுறையோடு சேர்த்துத் துவைத்ததால் வந்த வினை என்று நினைத்து, மகளை இரண்டு முறை திட்டியும் இருந்தார். ஆனால் உறை அறைக்குள் காலுறை எங்கே வந்தது?

கையைத் தூக்கிப் பார்த்தார். கையுறை முடிகிற இடத்துக்கும் அங்கி தொடங்குகிற இடத்துக்கும் நடுவே, சொட்டச் சொட்ட ஈரமாக, மார்தெனித்ஸா.

மார்ச் முதல் தேதி வெல்கோ கட்டிவிட்ட சிவப்பு வெள்ளை நூல். ஒவ்வொரு வருடமும் தன் ஆட்டுக் கம்பளியிலேயே திரித்து, பண்ணையில் எல்லோர் கையிலும் அவரே கட்டுவார். முதல் செங்கால் நாரையைப் பார்க்கும்வரை கழற்றக் கூடாது. கழற்றினால் வருடத்து நல்லதெல்லாம் கூடவே கழன்றுவிடும். இந்த வருடம் குளிர் போகவில்லை, நாரையும் வரவில்லை. மோதிரத்தைக் கழற்றுகிற பிலியானாவுக்கு இதைக் கழற்ற வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. நகையென்றால்தானே கழற்றத் தோன்றும்? மார்ச் மாதத்தில் அது கையின் ஒரு பாகம் மாதிரி.

தினமும் காலையில் வைரஸைத் தேடி அந்தக் கையைச் சீஸ் தண்ணீரில் விட்டிருக்கிறார். கம்பளி நூல் குடிக்க வேண்டியதைக் குடித்திருக்கிறது. அதே கையை நேராகத் தாய் உறைக்குமேல் கொண்டுவந்திருக்கிறார். தேடத் தேடத்தான் பரவியிருக்கிறது.

கத்தரிக்கோலை எடுத்தார். ஒரு நிமிடம் தயங்கினாராம். "படிச்சவ நான். ஆனாலும் நாரை தெரியுதான்னு ஜன்னலைப் பார்த்தேன்" என்றார். வெட்டிய நூலை உப்புத் தண்ணீரில் பிழிந்து, வடிகட்டி, பதினேழாம் எண் பரப்பிய தட்டில் ஒரு சொட்டு விட்டார். மாலைக்குள் அந்தச் சொட்டு விழுந்த இடம் வட்டமாகத் துடைத்துவிட்டதுபோல் இருந்தது.

தட்டை எடுத்துக்கொண்டு நேராகப் போனது வெல்கோவிடம்.

"அண்ணே, திட்டறதுன்னா இப்பவே திட்டிடுங்க. உங்க காலணி இல்ல. என் கை."

வெல்கோ தட்டைப் பார்த்தார். நூல் இல்லாத மணிக்கட்டைப் பார்த்தார்.

"நாரை வந்துச்சா?"

"இல்லண்ணே."

"அறுத்துட்டியா?"

"அறுத்துட்டேன்."

"பக்கத்து ஊரெல்லாம் மோப்பம் பிடிச்ச நாய், கடைசியில தன் வாலையே கடிச்ச கதையா இருக்கு." சொல்லிவிட்டுத் தன் மணிக்கட்டு நூலைத் தடவிக்கொண்டே கேட்டார்: "நானுந்தானே கட்டியிருக்கேன். போன வருஷமெல்லாம் ஏன் இப்படி ஆகல?"

"நீங்க உறை அறைக்குள்ள வரமாட்டீங்க. நான் போன வருஷம் சீஸ் தண்ணியில கைய விடல. ரெண்டு பக்கமும் போன கை இது ஒண்ணுதான்."

வியாழக்கிழமை, உறைபெட்டியின் அடியிலிருந்து பழைய நீல மூடிக் குழாய் ஒன்றை, மரபணு மாற்றாத, யாரும் திறக்காத பதினேழை எடுத்து, புது அங்கியில், வெறும் மணிக்கட்டோடு தாய் உறை தயாரித்தார். சீஸ் கூடத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு வெல்கோ உறை ஊற்றினார். பத்து மணிக்கு அசென் வந்தார். மூவரும் தொட்டியைச் சுற்றி நின்றார்கள். வெல்கோ கரண்டியைக் குத்தினார்.

நின்றது.

வெல்கோ விரலை எடுத்துக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார். அப்போதும் நின்றது.

அசென் பிலியானாவின் தோளைத் தட்டினார். "உறை அறை உன்கிட்டயே இருக்கட்டும். பாக்கெட் வேணாம்." அதோடு போயிருக்கலாம். போகிற போக்கில் ஒன்று சொன்னார்: "ஏழு வருஷமா மரபணு மரபணுன்னு உயிரை விட்டே. கடைசியில வேலைய முடிச்சது ஒரு கத்தரிக்கோல். இனி அந்தச் சிவப்பு மூடி எதுக்கு? பின்கட்டு அறையக் காலி பண்ணிடலாமே."

இதை என்னிடம் விவரிக்கும்போதுகூடப் பிலியானாவின் கழுத்து நரம்பு என் கண் முன்னாலேயே புடைத்தது. அன்று அவர் அசெனுக்குத் திருப்பிச் சொன்னது:

"அசென், கத்தரிக்கோல் திருடனை வாசலுக்கு வெளிய அனுப்பியிருக்கு. அவன் செத்துட்டானா? சீஸ் கூடத்துச் சாக்கடையில உக்காந்திருக்கான். நாளைக்கு ஒரு காலணி, நாளன்னிக்கு ஒரு ஈ. பதினேழுக்கு அவனை இன்னும் அடையாளம் தெரியாது. அந்த அறையிலதான் அவன் படம் இருக்கு. அதைக் காலி பண்றதுன்னா என்னையும் சேர்த்துக் காலி பண்ணு."

அசென் அறையைக் காலி செய்யவில்லை. இப்போதைக்கு.

நான் இன்று போனபோது, பிலியானா நான்காவது முறையாக அந்த விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். நடுவில் வெல்கோ வந்து, "காலை நீட்டு" என்றார். கையில் கட்டக் கூடாதென்றால் காலில் கட்டிக்கொள்ளலாமாம், அதற்கும் பலன் உண்டாம். புதுசாகத் திரித்த நூலைக் கணுக்காலில் கட்டி, அதன்மேல் காலுறையையும் இழுத்துவிட்டார். "இதைச் சீஸ் தண்ணியில விடமாட்டேல்ல?" என்று கேட்டுவிட்டுப் போனார். பிலியானா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு படிவத்தைப் பார்த்து மறுபடியும் முகம் சுளித்தார்.

விதைக்கும் பருவம் எது என்ற கட்டத்தில் இந்த முறை இப்படி எழுதியிருக்கிறார்: 'ஆண்டு முழுவதும். தினமும் காலை ஆறு மணி.' பக்கத்து வயல் எத்தனை மீட்டர்: 'சீஸ் கூடம், பதினெட்டு மீட்டர்.' தேனீக் கட்டம் மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது.

படித்தவர்கள் இதைப் பகிருங்கள். முக்கியமாக, படிவம் எழுதுகிற வேலையில் யாராவது உறவினர் இருந்தால் அவருக்கு அனுப்புங்கள். த்ரோயான் பக்கம் வந்தால் பாலத்தடிக் கடையில் மண் கிண்ணத்துத் தயிர் ஒன்று வாங்கிக் கரண்டியைக் குத்திப் பாருங்கள். சாய்ந்தால் உடனே உள்ளே போய்ச் சொல்லுங்கள். வரும் வழியில் நாரையைப் பார்த்தாலும் அப்படியே சொல்லுங்கள். இருவர் காத்துக்கொண்டிருக்கிறார்கள்.